5 சங்கிலி வளைவு, 44க்கு 1 ஏற்றம்: மலைநாட்டுப் பாதையை அறைக்குள் கட்டலாமா?

ஹட்டன்வாசி — பெப்ரவரி 2, இரவு 8.40

நம்ம இலங்கை மலைநாட்டுக் கோச்சிப் (ரயில்) பாதையைச் சின்ன மாதிரியாகக் கட்ட முடியாது என்றுதான் நினைக்கிறேன். நம்முடையது ஐந்தரை அடி அகலப் பாதை. கடையில் கிடைப்பது 16.5 மிமீ தண்டவாளம். அது வெளிநாட்டு நாலடி எட்டரை அங்குலப் பாதைக்குச் செய்தது. மலைப்பாதை என்றால் நீளமும் வேண்டும், உயரமும் வேண்டும். என்னிடம் இருப்பது 10க்கு 12 அடி அறை. பேசாமல் ஒரு இங்கிலாந்து மாதிரி ரயில் செட் வாங்கி, சுற்றிவரத் தேயிலை வைத்து, நானுஓயா என்று பலகை மாட்டிவிடலாமா? நீராவி எஞ்சின் கட்டாயம் வேண்டும். டீசலைப் பிறகு பார்க்கலாம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிலிப்பர்கட்டை — பெப்ரவரி 2, இரவு 10.15

முடியாது என்பதை ஏற்கமாட்டேன். உலகத்தில் அகலப் பாதைப் பிரதான வழி ஒன்றை வளைவைச் சுருக்காமல் ஒரு அறைக்குள் கட்ட முடியும் என்றால், அது நம்ம பாதைதான்.

கணக்கைப் பாருங்கள். மலைநாட்டில் மிக இறுக்கமான வளைவு 5 சங்கிலி ஆரம், அதாவது 330 அடி, ஏறக்குறைய 100 மீற்றர். சமவெளி நாடுகளின் பிரதான பாதைகளில் 40 சங்கிலி வளைவு சாதாரணம். அதை 1:76 அளவில் (நிஜத்தின் 76இல் ஒரு பங்காக) கட்டினால் பத்தரை மீற்றர் ஆரம் வரும், யார் வீட்டில் இருக்கிறது அந்த இடம்? அதனால் அவர்கள் 438 மிமீ, 505 மிமீ என்று செட் வளைவுகளில் ரயிலை ஒடுக்குகிறார்கள். நம்ம 5 சங்கிலி அதே 1:76இல் 1320 மிமீதான். அளவைக் கொஞ்சம் குறைத்தால் இன்னும் வசதி.

எந்த அளவு என்பதை நாளைக்கு எழுதுகிறேன், அதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். அதுவரை செட் எதையும் வாங்க வேண்டாம்.

சிலிப்பர்கட்டை — பெப்ரவரி 3, மாலை 6.30

அளவு விஷயம். நம்ம பாதை 1676 மிமீ. 16.5 மிமீ தண்டவாளத்தை 1:76 வண்டிகளுக்குக் கீழே போட்டால் அது நிஜத்தில் 1257 மிமீ பாதை மாதிரித் தெரியும், கால்வாசி ஒடுங்கிவிடும். 1:87இல் போட்டால் 1437 மிமீ. அதுவும் ஒடுக்கம்தான். முன்னாலிருந்து பார்க்கும்போது மலைநாட்டு எஞ்சினின் அந்த அகலக் கால் நிற்பு போய்விடும்.

அடிக்கு 3 மிமீ என்று வைத்துப் பாருங்கள். ஐந்தரை அடியை 3ஆல் பெருக்கினால் 16.5. துல்லியமாக 16.5! விகிதத்தில் சொன்னால் 1:101.6. இங்கிலாந்தில் ட்ரை-ஆங் கம்பனி 1957இல் டீடீ என்று விற்ற அளவு இது. அவர்கள் தங்கள் பாதைக்கு 12 மிமீ தண்டவாளம் பயன்படுத்தினார்கள். அதே 3 மிமீ அளவை நாம் அகலப் பாதைக்கு எடுத்தால் கடையில் கிடைக்கும் சாதாரண 16.5 மிமீ தண்டவாளமே சரியான அகலம்.

இதில் கிடைக்கும் வசதிகள்:

பழைய வரைபடங்கள் எல்லாம் அடி, அங்குலத்தில் இருக்கும். அடியை 3ஆல் பெருக்கினால் மிமீ. அங்குலத்துக்குக் கால் மிமீ. கல்குலேட்டர் வேண்டாம்.

ஆட்கள், மரங்கள், வீடுகளுக்குக் கட்டிடக்கலை மாணவர்கள் வாங்கும் 1:100 பொருட்கள் பொருந்தும். ஒன்றரை வீத வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

5 சங்கிலி வளைவு 990 மிமீ. உங்கள் அறை 3.05க்கு 3.66 மீற்றர். நான்கு மூலையிலும் 990 ஆரம் வைத்துச் சுவரோரமாகச் சுற்றிவரலாம். ஒடுங்கிய பக்கத்தில் 90 சென்ரிமீற்றரும் நீண்ட பக்கத்தில் ஒன்றரை மீற்றரும் நேர்ப்பாதைக்கு மிஞ்சும்.

பாதகம் ஒன்று: எஞ்சினும் பெட்டியும் ஆயத்தமாக வாங்க முடியாது. உடலைத் தகட்டிலோ 3டி அச்சிலோ செய்து, கீழே 16.5 மிமீ இயக்கப் பகுதி ஒன்றைப் பொருத்த வேண்டும். மலைநாட்டு எஞ்சின் எந்த அளவிலும் கடையில் கிடைப்பது அரிது, ஆகவே இதில் இழப்பது சொற்பம்.

மூடுபனி — பெப்ரவரி 3, இரவு 9.05

ஒரு மாற்றுக் கருத்து. அடிக்கு 4 மிமீயில் 22 மிமீ தண்டவாளம் கையால் போடலாமே? ஐந்தரையை 4ஆல் பெருக்கினால் 22. வண்டிப் பாகங்கள் 4 மிமீயில் ஏராளம். அயர்லாந்துப் பாதைக்காரர்கள் 21 மிமீ போட்டு அழகாக ஓட்டுகிறார்களே.

சிலிப்பர்கட்டை — பெப்ரவரி 3, இரவு 11.20

போடலாம், பார்க்கவும் நன்றாக இருக்கும். சிக்கல் அச்சில் இருக்கிறது. 4 மிமீ பெட்டிகளின் ஊசிமுனை அச்சு 26 மிமீ நீளம். 22 மிமீ பாதைக்குச் சில்லுகளின் உட்பக்க இடைவெளி கிட்டத்தட்ட 20 மிமீ வேண்டும். இரு பக்கமும் சில்லின் தடிப்பு 2.8 மிமீ வீதம் சேர்த்தால் 25.6. ஊசிமுனைக்கு மிஞ்சுவது ஒரு பக்கத்துக்கு 0.2 மிமீ, ஆகவே ஒவ்வொரு அச்சையும் நீளமாகக் கடைந்தெடுக்க வேண்டும். எஞ்சினின் சட்டத்தையும் அகலமாக்க வேண்டும். தடம் மாற்றும் பொயின்ற்ஸ் எல்லாம் செம்புத்தகட்டுக் கட்டையில் ஈயம் வைத்துச் செய்ய வேண்டும். கடைசல் இயந்திரம் வைத்திருப்பவருக்கு 22 மிமீ. மற்றவர்களுக்கு 3 மிமீ அளவும் 16.5உம்.

ஹட்டன்வாசி — பெப்ரவரி 4, காலை 7.10

சரி, 3 மிமீ என்றே முடிவு. பீக்கோ கம்பனியின் மாதிரித் தண்டவாளத்தில் சிலிப்பர் கட்டை பொருந்துமா? அப்புறம் தெமோதரை வளையம் வேண்டும், ஒன்பது வளைவுப் பாலமும் வேண்டும். பேராசைதான், சொல்லுங்கள் அண்ணன்.

சிலிப்பர்கட்டை — பெப்ரவரி 4, இரவு 8.00

கட்டை: அகலப் பாதைக் கட்டை 9 அடி, அதாவது 27 மிமீ. பீக்கோவில் 30 மிமீ அளவில் இருக்கும். நுனியை ஒன்றரை ஒன்றரை மிமீ நறுக்கலாம், நறுக்காமலும் விடலாம். சல்லி போட்டபின் அதிகம் தெரியாது.

தெமோதரை பேராசை இல்லை. எல்லவிலிருந்து வரும் ரயில் தெமோதரை ஸ்டேஷனில் நின்று புறப்பட்டு, மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் சுரங்கத்துக்குள் போய் உடுவரைப் பக்கம் வெளியே வரும். மாதிரிக்காரர்கள் இடம் போதாமல் செய்யும் வேலையை அங்கே நிஜப் பாதையிலேயே செய்து வைத்திருக்கிறார்கள்.

மேல் தண்டவாளத்துக்கும் கீழ்த் தண்டவாளத்துக்கும் வேண்டிய உயரம்: வண்டி 42 மிமீ, அதன் தலைக்கு மேல் 6, பிளைவூட் 9, தக்கை 3, தண்டவாளமும் கட்டையும் 5. மொத்தம் 65 மிமீ.

990 ஆரத்தில் முழு வட்டம் 6.22 மீற்றர். நம்ம மலைப்பாதையின் கடும் ஏற்றமான 44க்கு 1 சரிவில் (44 மிமீ போக 1 மிமீ) இறங்கினால் 141 மிமீ கிடைக்கும். இரண்டு மடங்குக்கும் மேல்.

சிலிப்பர்கட்டை — பெப்ரவரி 4, இரவு 9.40

மேலே உள்ள 141ஐ அப்படியே எடுக்க வேண்டாம், அது வெறும் வட்டக் கணக்கு. ஸ்டேஷன் மட்டமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கழற்றிவிட்ட பெட்டி தானாக உருளும். 1.2 மீற்றர் மேடை என்றால் அதில் பாதி, 60 சென்ரிமீற்றர், வட்டத்துக்குள் விழும். மட்டத்திலிருந்து சரிவுக்கு மாறும் இடத்தில் 30 சென்ரிமீற்றராவது மெதுவாக வளைய விட வேண்டும். திடீரென்று முறித்தால் 4-6-0 எஞ்சினின் (முன்னே 4 சில்லு, நடுவே இயக்கும் 6, பின்னே இல்லை) முன்சில்லுகள் அந்தரத்தில் தொங்கித் தடம் புரளும். ஆக மிஞ்சுவது 5.3 மீற்றர், இறக்கம் 120 மிமீ. போதும்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் மிகச் சிறிய வளையம் எது என்று தெரியும்: 65ஐ 44ஆல் பெருக்கி 900ஐக் கூட்டி 6.28ஆல் வகுத்தால் 600 மிமீ ஆரம். அதற்குக் கீழே போனால் ஏற்றம் 44க்கு 1ஐ விடக் கடுமையாகிவிடும்.

990 ஆரத்தில் கட்டினால் நடுவே ஒரு ஆள் நிற்கலாம். மலையை மூடிய கூடாகக் கட்டாமல் நடுவைத் திறந்து விடுங்கள். சுரங்கத்துக்குள் வண்டி விழுந்தால் கை போக வேண்டும் அல்லவா? சுரங்கத்துக்குள் பொயின்ற்ஸ் வைக்காதீர்கள், இணைப்புத் தகடுகளையும் முடிந்தவரை தவிருங்கள். ஒரே நீளத் தண்டவாளமாகப் போட்டு, இரு முனையிலும் மின்கம்பி ஒட்டுங்கள்.

ஹட்டன்வாசி — பெப்ரவரி 5, காலை 6.50

44க்கு 1 ஏற்றத்தில் மாதிரி எஞ்சின் எத்தனை பெட்டி இழுக்கும்?

சிலிப்பர்கட்டை — பெப்ரவரி 5, இரவு 7.45

எஞ்சின் 280 கிராம் என்று வைப்போம். பளபளப்பான உலோகச் சில்லுக்கு எடையில் ஐந்தில் ஒரு பங்கு இழுவை, அதாவது 56 கிராம். ஏற்றத்தில் தன் எடையைத் தூக்கவே 6 கிராம் போகும். மிச்சம் 50. ஒரு பெட்டி 100 கிராம்: உருளும் தடை 2.5, ஏற்றம் 2.3, வளைவு உராய்வு ஒன்றேகால். கூட்டினால் 6 கிராம். கணக்கில் 8 பெட்டி வரும். 6 பெட்டி என்று திட்டமிடுங்கள், தூசியும் எண்ணெயும் மிச்சத்தைத் தின்றுவிடும்.

சொந்த எஞ்சினை அளக்க: சின்ன டிஜிட்டல் தராசில் 200 கிராம் கட்டை ஒன்றை வையுங்கள். அதில் கட்டிய நூலைக் கப்பி வழியாக எஞ்சின் கொக்கியில் மாட்டி ஓட்டுங்கள். சில்லு வழுக்கத் தொடங்கும் நேரத்தில் தராசு எவ்வளவு குறைத்துக் காட்டுகிறதோ அதுதான் இழுவை.

எஞ்சின் வழுக்கினால் எடையைக் கண்ட இடத்தில் ஏற்றக்கூடாது. இயக்கும் சில்லுகளின் நடுவுக்கு நேர் மேலே ஏற்ற வேண்டும். 4-6-0இல் முன்பக்கம் எடை கூடினால் முன்போகிதான் (அந்த 4 முன்சில்லுத் தொகுதி) சுமக்கும், இழுவைக்கு ஒன்றும் சேராது.

நிஜத்திலும் இதே பிரச்சினை. ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை ஏற்றத்துக்குப் பின்னால் ஒரு எஞ்சின் வைத்துத் தள்ளியதும், ‘பேயர் பீக்கொக்’ என்ற கம்பனியிடம் ‘காரட்’ வகை எஞ்சின் வாங்கியதும் இதனால்தான். 2-6-2+2-6-2 வகை, 1927இல் சீ1 என்று ஒன்று வந்தது. பிறகு 1945இல் சீ1ஏ என்று எட்டு. ஒரு கொதிகலன், அதற்கு முன்னும் பின்னும் தனித்தனியாகத் திரும்பும் இரண்டு எஞ்சின் தொகுதிகள். இழுவைச் சில்லு இரட்டிப்பு, அச்சுச் சுமை அதிகரிக்காது, 5 சங்கிலி வளைவிலும் தாராளமாகத் திரும்பும்.

மூடுபனி — பெப்ரவரி 5, இரவு 10.30

காரட்டின் சத்தத்தைப் பற்றி ஒன்று. சாதாரண இரண்டு உருளை எஞ்சின் சில்லு ஒரு சுற்றுக்கு நான்கு மூச்சு விடும். காரட்டில் இரண்டு தொகுதிகளும் ஒன்றோடொன்று பிணைக்கப்படவில்லை, புகைபோக்கி மட்டும் ஒன்று. அதனால் இரண்டின் மூச்சும் கொஞ்ச நேரம் ஒன்றாக விழும், பிறகு விலகும், எட்டாகக் கேட்கும், மறுபடி சேரும். டிஜிட்டல் கட்டுப்பாட்டில் ஓட்டுபவர்கள் ஒரே ஒலித் தகட்டைப் போட்டால் இது வராது. இரண்டு தொகுதிக்கும் தனித்தனித் தகடு போட்டு, ஒன்றின் வேகத்தை மற்றதைவிட ஒரு துளி மாற்றி வைக்க வேண்டும்.

வேகமும் முக்கியம். மணிக்கு 20 கிலோமீற்றரில் ஏறும் ரயில் 3 மிமீ அளவில் ஒரு மீற்றரைக் கடக்க 18 விநாடி எடுக்கும். மணிக்கூட்டைப் பார்த்து ஓட்டுங்கள். பெரும்பாலானோர் மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டி மலைப்பாதையின் அழகையே கெடுத்துவிடுகிறார்கள்.

சிலிப்பர்கட்டை — பெப்ரவரி 6, காலை 5.55

அதோடு சேர்த்து: மாதிரியில் பின்னால் தள்ளு எஞ்சின் வைத்தால், முன் எஞ்சினை விடச் சற்றே மெதுவாக அமையுங்கள். வேகம் கூடினால் நடுப்பெட்டிகள் நெருக்குண்டு வளைவின் வெளிப்பக்கம் பிதுங்கி விழும். முன் எஞ்சின் மட்டும் நீண்ட ரயிலை இழுத்தால் அதே பெட்டிகள் உட்பக்கம் சாயும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: எல்லாப் பெட்டிகளும் ஒரே எடை, 100 கிராம்.

சிலிப்பர்கட்டை — பெப்ரவரி 8, இரவு 8.20

பாலத்துக்கு வருவோம். எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே, 1921இல் கட்டியது. கல், செங்கல், சீமெந்து மட்டும், இரும்பு இல்லை. 300 அடி நீளம், 80 அடி உயரம், 25 அடி அகலம். நம்ம அளவில் 900, 240, 75 மிமீ. அறையின் ஒரு மூலைக்கு அளந்து செய்ததுபோல் பொருந்தும், ஏனென்றால் பாலமே வளைவில்தான் நிற்கிறது.

பலரும் சறுக்குவது இங்கேதான். நீண்ட அட்டையில் ஒன்பது வளைவையும் வெட்டி, பிறகு அதை வளைக்கப் பார்ப்பார்கள். வளைத்தால் கமான்களின் (பாலத்தின் வில்வளைவுகளின்) உட்பரப்பு முறுக்கிக் கொள்ளும். ஒவ்வொரு கமானையும் நேராகவே செய்யுங்கள், திருப்பத்தைத் தூண்களுக்குக் கொடுங்கள். 990 ஆரத்தில் 900 மிமீ என்பது 52 பாகை, ஒன்பதாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 5.8 பாகை. தூணை மேலிருந்து பார்த்தால் ஆப்பு வடிவம்: வெளிப்பக்கம் உட்பக்கத்தை விட 7.6 மிமீ அகலம். முதலில் ஒரு தூணைச் செய்து வார்ப்பு எடுத்தால் மற்றவை சுலபம்.

பக்கச் சுவருக்கு 3 மிமீ எம்டிஎஃப் (அழுத்திய மரநார்ப் பலகை) அல்லது 5 மிமீ நுரைப்பலகை. கமான் உட்பரப்புக்கு மெல்லிய அட்டையை வெந்நீரில் காட்டி ஒரு போத்தலில் சுற்றிக் காயவிடுங்கள். தண்டவாளத்தை இந்த அட்டை வேலைப்பாட்டின்மேல் தாங்க விடக்கூடாது. தூண்களுக்கு உள்ளே மரக்கட்டை நிறுத்தி, அதன்மேல் வளைவாக வெட்டிய 9 மிமீ பிளைவூட் தளத்தைப் பூட்டி, பாலத்தைச் சட்டை மாதிரி வெளியே மாட்ட வேண்டும். அப்போதுதான் ஈரத்தில் அட்டை நெளிந்தாலும் பாதை நெளியாது.

நிறம்: ஒரே சாம்பல் அடிக்காதீர்கள். கல் சாம்பல், அதன்மேல் நீர் வடிந்த கறுப்புக் கோடு, வெயில் படாத பக்கம் பாசிப் பச்சை. தண்ணீர் கைப்பிடிச் சுவரின் அடியிலிருந்துதான் வடியும், கோட்டை அங்கிருந்து கீழே இழுங்கள்.

ஹட்டன்வாசி — பெப்ரவரி 9, இரவு 9.15

ஈரம் என்றீர்கள். இங்கே ஜூன், ஜூலையில் சுவரே வியர்க்கும். பலகை என்ன ஆகும்?

சிலிப்பர்கட்டை — பெப்ரவரி 10, இரவு 7.30

மலைநாட்டில் மாதிரிப் பாதை கெடுவது பெரும்பாலும் இதனால்தான், ஆகவே நிதானமாக எழுதுகிறேன்.

தளத்துக்கு எம்டிஎஃப் வேண்டவே வேண்டாம். ஓரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும், திரும்ப வற்றாது. 9 அல்லது 12 மிமீ மரைன் பிளைவூட் எடுங்கள். மேல், கீழ், வெட்டிய ஓரம் எல்லாவற்றுக்கும் வார்னிஷ் இரண்டு பூச்சு. மேலே மட்டும் பூசினால் கீழ்ப்பக்கம் ஈரம் குடித்துப் பலகை வில்லாக வளையும். தாங்குச் சட்டம் 40 சென்ரிமீற்றருக்கு ஒன்று. சுவரோடு ஒட்டாமல் 5 சென்ரிமீற்றர் விட்டு நிறுத்துங்கள், காற்று போகட்டும்.

தண்டவாள இடைவெளி: நிக்கல் சில்வர் வெயிலுக்கு நீள்வது சொற்பம், 15 பாகை மாற்றத்துக்கு 3 மீற்றரில் முக்கால் மிமீ. மரம்தான் அதைவிடக் கூட அசையும். மழைக்காலத்தில் தண்டவாளம் போடுகிறீர்கள் என்றால் பலகை உப்பிய நிலையில் இருக்கிறது. மாசி, பங்குனி வெயிலில் அது சுருங்கும்போது தண்டவாளம் பக்கவாட்டில் பிதுங்கும். ஆகவே மழைக்காலத்தில் போட்டால் மீற்றருக்கு 1 மிமீ இடைவெளி, வெயில் காலத்தில் போட்டால் அரை மிமீயும் போதும். இணைப்புத் தகடு மின்சாரத்தைக் கடத்தும் என்று நம்பாதீர்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கம்பி ஒட்டுங்கள். மூடுபனி உள்ளே வந்தால் முதலில் கெடுவது அந்தத் தகடுதான்.

இரும்புத் தண்டவாளம் மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள், சீக்கிரமே துரு ஏறும். சுத்தம் செய்ய ஐசோபுரொப்பைல் அற்ககோல் நனைத்த துணி. உப்புத்தாள் போட்டால் கீறலில் அழுக்கு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். புகை வர வைக்கும் எண்ணெய்க் கருவியை மலைப்பாதையில் நான் சிபாரிசு செய்யமாட்டேன். அந்த எண்ணெய் தண்டவாளத்தில் படிந்து 44க்கு 1இல் எஞ்சின் நின்ற இடத்திலேயே சுற்றும்.

மூடுபனி — பெப்ரவரி 11, மாலை 5.40

புகை வேண்டும் என்றால் உண்மையான நீராவிக்கு வாருங்கள். அறைக்குள் வேண்டாம், முற்றத்தில் 45 மிமீ அல்லது 32 மிமீ பாதையில் கேஸ் எரித்து ஓடும் எஞ்சின். குளிரும் ஈரமும் உள்ள காற்றில் வெளியேறும் நீராவி உடனே வெண்மையாகத் திரளும். கொழும்பு வெயிலில் அதே எஞ்சின் ஓடினால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நுவரெலியாக் காலை நேரம் இதற்கென்றே அமைந்தது.

ஆனால் உயரம் இரண்டு தொந்தரவு தரும். முதலாவது கேஸ். கையடக்க அடுப்புக்கு விற்கும் சிலிண்டரில் இருப்பது பியூட்டேன், அது கொதிப்பது பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே. 20 பாகையில் தாங்கியில் அழுத்தம் 2 பாருக்குச் சற்று மேல், 10 பாகையில் ஒன்றரைதான். எரிய எரியத் தாங்கி இன்னும் குளிரும், சுடர் சோர்ந்துவிடும். 30 வீதம் புரொப்பேன் கலந்த முகாம் சிலிண்டர் வாங்குங்கள், அல்லது தாங்கியைச் சுற்றி 30, 35 பாகை வெதுவெதுப்பான நீர் ஊற்றுங்கள். கொதிநீர் கூடாது. வீட்டுச் சமையல் சிலிண்டரிலிருந்து ஒருபோதும் நிரப்பாதீர்கள், அந்தச் சின்னத் தாங்கி அதற்குச் செய்ததல்ல.

இரண்டாவது காற்று. 1,870 மீற்றரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்குதான். பிராணவாயு குறைவதால் சுடர் மஞ்சளாகிக் கரி கக்கும். ஒரு எண் சிறிய ஊசித்துளை போடுங்கள், அல்லது காற்றுத் துளையைக் கொஞ்சம் கூடத் திறங்கள்.

கேஸ் தீரும் நேரம் தண்ணீர் தீரும் நேரத்துக்கு முன்னால் இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. தண்ணீர் முதலில் தீர்ந்தால் கொதிகலனின் ஒட்டுகள் போகும். தண்ணீருக்கு வடித்த நீர் அல்லது வடிகட்டிய மழைநீர். உராய்வுநீக்கி எண்ணெய்க் குடுவையில் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அடியில் தங்கிய நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, நீராவி எண்ணெய் புதிதாக நிரப்ப வேண்டும். மோட்டார் சைக்கிள் எண்ணெய் உதவாது, சூட்டில் பிசினாகிவிடும்.

முற்றத்தில் 44க்கு 1 வைக்காதீர்கள். கட்டுப்பாடில்லாத நீராவி எஞ்சின் இறக்கத்தில் ஓடிவிடும். 100க்கு 1 போதும்.

ஹட்டன்வாசி — பெப்ரவரி 12, காலை 7.00

நானுஓயா–ராகலை சின்னப் பாதையையும் சேர்க்க ஆசை வந்துவிட்டது.

சிலிப்பர்கட்டை — பெப்ரவரி 12, இரவு 8.50

உடப்புசல்லாவைப் பாதை. இரண்டரை அடி அகலம், 1903இல் நுவரெலியா வரை, 1904இல் ராகலை வரை, 1948இல் மூடினார்கள். கந்தப்பளை வழியாகப் போனது.

3 மிமீ அளவில் இரண்டரை அடி 7.5 மிமீ. கடையில் கிடைப்பது 9 மிமீயும் 6.5 மிமீயும். 9 போட்டால் மூன்றடிப் பாதையாகத் தெரியும், அகலப் பாதைக்குப் பக்கத்தில் வைக்கும்போது அந்தச் சின்னத்தனம் போய்விடும். நானுஓயாவில் இரண்டையும் அருகருகே காட்டத்தான் போகிறீர்கள் என்றால் அந்த ஒரு முற்றத்துக்கு மட்டும் 7.5 மிமீ கையால் போட்டு, ஓடாத காட்சிப் பொருளாக ஒரு எஞ்சினை நிறுத்துங்கள்.

சின்னப் பாதை ஓடவே வேண்டும் என்றால் அதைத் தனியாக 1:87இல் கட்டுங்கள். 762ஐ 87ஆல் வகுத்தால் 8.76, 9 மிமீ தண்டவாளம் ஏறக்குறைய சரி. 9 மிமீ பாதையில் ஓடும் ‘N’ அளவு எஞ்சின்களின் இயக்கப் பகுதி அப்படியே கீழே போகும். 280 மிமீ ஆரம் வைத்தாலும் நிஜத்தில் அது 24 மீற்றர், இரண்டரை அடி மலைப்பாதைக்கு நம்பக்கூடிய வளைவு. 60க்கு 120 சென்ரிமீற்றர் பலகையில், ஒரு மேசையில் முடிந்துவிடும். இடமில்லாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சிலிப்பர்கட்டை — பெப்ரவரி 15, மாலை 4.10

தேயிலை. பச்சைத் தூளை மலை முழுக்கத் தூவினால் அது புல்வெளி, தேயிலை மலை ஆகாது.

செடிக்குச் செடி 2 அடி, வரிசைக்கு வரிசை 4 அடி: 6 மிமீ, 12 மிமீ. உயரம் 3 அடி, 9 மிமீ. ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 13,900 செடி வரும். ஒவ்வொன்றாக யாரும் செய்ய முடியாது. மெத்தைப் பஞ்சை (ஸ்பொஞ்ச்) 9 மிமீ அகல, 9 மிமீ உயரப் பட்டியாக அறுத்து, பக்கத்தைக் கத்தரி நுனியால் 6 மிமீக்கு ஒரு வெட்டாகக் கிள்ளுங்கள். மேற்பகுதி தட்டையாகவே இருக்கட்டும். மட்டக்கம்பு வைத்துப் பறித்த மலை அப்படித்தான் இருக்கும், குமிழ் குமிழாக இருந்தால் அது எந்த நாட்டுப் புதரோ ஆகிவிடும். பட்டியை மலையின் மட்டத்தைத் தழுவி ஒட்டுங்கள், மேலிருந்து கீழாக அல்ல. பட்டிகளுக்கு நடுவே 3 மிமீ மண் தெரிய வேண்டும். இடையிடையே கான் வெட்டி, ஆள் நடக்கும் குறுக்குப் பாதை ஒன்று விடுங்கள்.

நிறம் இரண்டு கட்டம்: பஞ்சு முழுக்கக் கரும்பச்சை, காய்ந்தபின் மேல்மட்டத்துக்கு மட்டும் உலர்ந்த தூரிகையில் மஞ்சள் கலந்த பச்சை. அதுதான் கொழுந்து. ஒரு மலையைக் கவ்வாத்து வெட்டிய மலையாக விட்டால், 5 மிமீ உயரத்தில் பழுப்பு நிறக் குச்சிகளாக, மற்றப் பச்சைகள் எடுப்பாகத் தெரியும். நிழலுக்கு அங்கங்கே கிரவிலியா மரம்.

லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) கூரைத் தகரம்: நிஜத் தகரத்தின் அலை 3 அங்குலம், நமக்கு 0.75 மிமீ. எம்4 திருகுக் கம்பியின் புரி 0.7 மிமீ. அடுப்படி அலுமினியத் தாளை ரப்பர் பாயில் வைத்து அந்தக் கம்பியால் ஒருமுறை அழுத்தி உருட்டினால் தகரம் தயார். 8 அடி நீளத்துண்டாக, 24 மிமீ, வெட்டி ஒன்றன்மேல் ஒன்று அரை மிமீ ஏற்றி ஒட்டுங்கள். சிலதைத் துரு நிறத்திலும் ஓரிரண்டைப் புதுத் தகர நிறத்திலும் வையுங்கள், லயத்துக் கூரை ஒரே வயதில் இருப்பதில்லை.

சல்லி: நிஜத்தில் 2 அங்குலக் கல், நமக்கு அரை மிமீ. கருங்கல் தூளை அரிதட்டில் சலித்து, விழுந்ததை மறுபடி நைலோன் துணியில் சலித்துப் பொடியை நீக்குங்கள். போட்டு ஒழுங்காக்கி, மென்தூறலாகத் தண்ணீர் தெளித்து, மரப்பசை ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. சொட்டு மருந்துக் குழாயால் விடுங்கள். அந்தத் திரவம் சேராவிட்டால் பசை முத்து முத்தாக நின்று சல்லியை இழுத்துக் குழி பறிக்கும்.

மூடுபனி — பெப்ரவரி 15, இரவு 8.30

சுரங்கம் பற்றி ஒரு வரி. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவிலுள்ள சிங்கமலைச் சுரங்கம் 614 யார், நம்ம அளவில் ஐந்தரை மீற்றர். அதை முழுக்கக் காட்ட வேண்டியதில்லை. ஹட்டன் பக்க வாயை மட்டும் கட்டி, உள்ளே ரயில்களை நிறுத்திவைக்கும் மறைவு முற்றத்தை வைத்துவிடுங்கள். வாயிலிருந்து 15 சென்ரிமீற்றர் உள்ளே வரை சுவர் கட்டினால் போதும். அகலத்துக்கு: போகிகளின் நடுப்புள்ளி இடைவெளி 40 அடி உள்ள பெட்டி 990 ஆரத்தில் நடுவில் 1.8 மிமீ உட்பக்கம் தள்ளும், 438 ஆரத்தில் 4 மிமீக்கு மேல்.

ஹட்டன்வாசி — பெப்ரவரி 18, இரவு 9.00

எஞ்சினுக்கு அளவு எங்கே எடுக்கலாம்? கடைசிக் கேள்வி: டெப்லட் முறையை மாதிரியில் காட்ட வழி உண்டா?

சிலிப்பர்கட்டை — பெப்ரவரி 19, இரவு 8.15

கடுகண்ணாவை ரயில் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், 2014 டிசம்பரில் திறந்தது, அங்கே பழைய எஞ்சின்களை அருகில் நின்று பார்க்கலாம். படம் எடுக்கும்போது அடி அடியாகக் கறுப்பு வெள்ளை பூசிய 6 அடிக் கம்பு ஒன்றை எஞ்சினின் பக்கத் தளத்தோடு ஒட்டி நிறுத்துங்கள். தள்ளி நின்று சூம் பண்ணி எடுங்கள், கிட்டே நின்றால் விளிம்புகள் கோணலாகும். பக்கம், முன், பின், கூரை, அதோடு சில்லின் விட்டமும் அச்சுகளின் இடைவெளியும். உடலை விட இந்த இரண்டும்தான் எந்த இயக்கப் பகுதி பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கும். முதல் எஞ்சினாகக் காரட் வேண்டாம், பீ1 வகை 4-6-0 ஒன்றைச் செய்யுங்கள். வைஸ்ராய் ஸ்பெஷல் சுற்றுலா ரயிலை இழுத்த 251, சேர் தோமஸ் மெயிற்லண்ட், அந்தக் குடும்பம்தான்.

டெப்லட்: ஒரு பிரிவுக்கு ஒரே ஒரு டெப்லட் வெளியே வரலாம், அதைக் கையில் வைத்திருக்கும் சாரதி மட்டுமே அந்தப் பிரிவுக்குள் போகலாம். ஒற்றைப் பாதையில் நேருக்கு நேர் மோதாமல் இருப்பது இதனால். மாதிரியில் 6.35 மிமீ ஒலி ஜாக் போதும். பட்டிப்பொலைக்கும் ஓஹியாவுக்கும் நடுவிலுள்ள பிரிவின் மின்சாரத்தை இரண்டு ஜாக் குழிகள் வழியாகக் கொடுங்கள், இரு ஸ்டேஷனிலும் ஒவ்வொன்று, ஒன்றுக்கொன்று இணையாக. ஜாக்கின் நுனியையும் உடலையும் உள்ளே கம்பியால் சேர்த்துவிடுங்கள். குத்தினால் பிரிவுக்கு மின்சாரம், எடுத்தால் இல்லை. அந்தப் பிரிவுக்கு ஒரே ஒரு ஜாக், அதற்குப் பித்தளைக் கம்பியில் வளையம் கட்டி ஸ்டேஷன் பெயர் எழுதுங்கள்.

சிலிப்பர்கட்டை — பெப்ரவரி 19, இரவு 9.05

சேர்க்கை: எஞ்சின் மின்சாரத்தை நேரே ஜாக்கில் ஓடவிடாமல் 12 வோல்ட் ரிலே ஒன்றை நடுவே வையுங்கள். ஜாக் ரிலேயை இயக்கும், ரிலே பாதைக்கு மின்சாரம் கொடுக்கும். ஈரக் காற்றில் ஜாக் தொடுமுனை கறுத்தாலும் ரிலே இழுக்கும் அளவுக்கு மின்சாரம் போய்விடும், ஏற்றத்தில் எஞ்சின் திணறாது. 3.5 மிமீ ஜாக் வாங்காதீர்கள், வளையத்தின் எடை தாங்காமல் குழி தளர்ந்துவிடும்.